என்ராம்ப், ஜிப், எச்எம்ஏ: குடும்பப் பெயரை வைத்து ஒரு மரபணுவின் வேலையைச் சொல்லிவிட முடியுமா?

வேர்முடி (காலாப்பட்டு) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதை உறுத்தும் ஒரு விஷயம். ஆய்விதழ்களைத் திறந்தால், ஏதாவது ஒரு பயிரில் உலோகம் கடத்தும் ஏதாவது ஒரு மரபணுக் குடும்பத்தை முழுசாக அடையாளம் கண்டோம் என்று ஒரு கட்டுரை கண்ணில் படுகிறது. தினையில் ஒன்று, மல்லாட்டையில் (நிலக்கடலை) ஒன்று, மிளகாயில் ஒன்று. செய்முறை ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியான அராபிடாப்சிஸிலோ நெல்லிலோ ஏற்கெனவே தெரிந்த புரத வரிசையை எடுத்து, புதுப் பயிரின் மரபணுத்தொகுதியில் அதற்கு ஒத்ததைத் தேடி, வம்சாவளி மரம் போட்டு, ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் உள்ள பகுதியில் வறட்சி, உப்பு, ஹார்மோன் சம்பந்தப்பட்ட குறிகள் எத்தனை என்று எண்ணி, நாற்றுக்குக் காட்மியமோ உப்போ கொடுத்து எது கூடுகிறது எது குறைகிறது என்று அளந்து பார்க்கிறார்கள். கடைசிப் பத்தியில் 'ஸ்ட்ரெஸ் தாங்கும் ரகங்களை உருவாக்க இது உதவும்' என்று முடிக்கிறார்கள்.

அந்தக் கடைசிப் பத்திதான் எனக்குப் பிரச்சினை. குடும்பத்தில் ஒரு மரபணு சேர்ந்திருக்கிறது என்பதும், அது அந்த வேலையைச் செய்கிறது என்பதும் ஒன்றில்லை. என்ராம்ப் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக இரும்பு, மாங்கனீசு மாதிரி இரண்டு மின்னேற்றம் உள்ள உலோகங்களைக் கடத்துகிற குடும்பம். அதே சாயலில் இருக்கிற நெல்லின் என்ராட்1 கடத்துவது அலுமினியத்தை. 2010ல் ஜப்பானியக் குழு ஒன்று காட்டியது. இன்னொரு உதாரணம் இஐஎன்2. அதன் முன்பாதி என்ராம்ப் சாயல்தான், ஆனால் அது செய்வது எத்திலீன் ஹார்மோனின் செய்தியை உள்ளே கொண்டுபோகிற வேலை. அது எந்த உலோகத்தையாவது கடத்துகிறது என்று 1999லிருந்து இதுவரை யாரும் காட்டவில்லை. வரிசையை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் மூன்றும் ஒரே பக்கத்தில் வந்து உட்காரும்.

துத்தநாகம், இரும்பு போன்றவற்றை செல்லுக்குள் எடுக்கிற ஜிப் குடும்பத்தின் ஐஆர்டி1ஐக் கண்டுபிடித்த விதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1996ல், இரும்பை உறிஞ்ச முடியாதபடி மரபணு நீக்கப்பட்ட ஈஸ்டுக்குள் அராபிடாப்சிஸின் மரபணுக்களைப் போட்டு, எதைப் போட்டால் ஈஸ்ட் பிழைக்கிறது என்று பார்த்தார்கள். வேலை முதலில் தெரிந்தது, குடும்பம் அப்புறம்தான். இந்த வரிசை தலைகீழாகிவிட்டது என்பது என் கவலை. உங்கள் கருத்து என்ன?

கெடிலக்கரை (நெல்லிக்குப்பம் பக்கம்) எழுதியது:

தம்பி, நான் விவசாயி. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நடவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் எங்கள் பக்கம் சில வயல்களில் நெல் இலையில் துரு மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்து, பயிர் அப்படியே குந்தி நிற்கும். கடைசி உழவில் ஜிங்க் சல்பேட் போட்ட வயல் தப்பிக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருக்கிற இடத்தில்தான் இது அதிகம். நீங்கள் சொல்கிற மரபணுக்களுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, இல்லை இது வெறும் உரக் கணக்குதானா?

வேர்முடி எழுதியது:

நேரடி சம்பந்தம் உண்டு அண்ணே. நீங்கள் சொல்வது துத்தநாகக் குறைபாடு. வடக்கே இதை 'கெய்ரா' என்பார்கள். 1960களில் பந்த்நகரில் ஒய்.எல். நெனே இது கிருமியால் வருகிற நோய் இல்லை, ஜிங்க் பற்றாக்குறை என்று காட்டினார். வயலில் தண்ணீர் தேங்கிக் காற்று அற்றுப்போகும்போது துத்தநாகம் சல்பைடோடும் கார்பனேட்டோடும் சேர்ந்து கரையாத உருவத்துக்குப் போய்விடுகிறது. போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் என்றால் வேரே தடுமாறும். மண்ணில் ஜிங்க் இருக்கும், வேருக்குக் கிடைக்காது.

அப்போது பயிர் சும்மா இருப்பதில்லை. ஜிப் குடும்பத்தில் சில மரபணுக்களை வேரில் கூட்டிக்கொள்கிறது. நெல்லில் ஜிப்9, ஜிப்5 இரண்டும் மண்ணிலிருந்து ஜிங்க்கை உள்ளே எடுக்கிற வாசல்கள் என்பது 2020 வாக்கில் தெளிவாயிற்று. வாசலைத் திறக்கச் சொல்வது யார் என்பது இன்னும் சுவாரசியம்: அராபிடாப்சிஸில் பிஜிப்19, பிஜிப்23 என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. அவற்றிலேயே ஜிங்க் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம் உண்டு. செல்லில் ஜிங்க் போதுமான அளவு இருந்தால் அது அங்கே ஒட்டிக்கொண்டு அவற்றை அடக்கி வைக்கிறது, குறைந்தால் அவை விழித்து ஜிப் மரபணுக்களை ஓட விடுகின்றன. ஒரே புரதம் அளக்கவும் செய்கிறது, உத்தரவும் போடுகிறது. இது 2021ல்தான் நேரடியாக நிரூபிக்கப்பட்டது.

சல்பேட் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹெக்டேருக்கு 25 கிலோ, ஏக்கருக்குப் பத்து கிலோ, காய்ந்த மணலோடு கலந்து நடவுக்கு முன்னால் தூவுவது இன்றும் சரியான வழிதான். டிஏபியோடு சேர்த்துக் கலக்க வேண்டாம், பாஸ்பேட் ஜிங்க்கைக் கட்டிப்போட்டுவிடும்.

சுரபுன்னை (பரங்கிப்பேட்டை) எழுதியது:

தம்பி சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் உலோகச் சமநிலையையும் ஸ்ட்ரெஸ்ஸையும் இரண்டு தனிப் பாடங்களாக வைத்துப் பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. பிச்சாவரம் பக்கம் வேலை பார்க்கிற எனக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. வெண்கண்டல் இலையின் மேல் உப்பு பூத்திருப்பதைக் காலையில் படகில் போகிற யாரும் பார்க்கலாம். சுரபுன்னையோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடுகிறது. சோடியமும் ஓர் உலோகம்தானே. 2004 டிசம்பரில் கடல் நீர் கிள்ளை பக்கத்து வயல்களுக்குள் வந்தபோது நெல்லுக்கு வந்த நெருக்கடி, கடைசியில் சோடியத்தை எங்கே வைப்பது, பொட்டாசியத்தை எப்படிக் காப்பாற்றுவது என்கிற கேள்விதான். நெல்லில் எச்கேடி குடும்பத்தின் ஒரு மரபணு சைலத்தில், அதாவது வேரிலிருந்து நீர் மேலே போகும் குழாயில், ஏறிய சோடியத்தை இலைக்குப் போகவிடாமல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. நோனா போக்ரா என்கிற பழைய உப்பு தாங்கும் ரகத்திலிருந்து 2005ல் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

இதைவிட நுணுக்கமான ஓர் இணைப்பு தாமிரத்தில் இருக்கிறது. வறட்சி, உப்பு, வெயில், எது வந்தாலும் செல்லுக்குள் சூப்பராக்சைடு என்கிற கெடுதலான ஆக்சிஜன் வடிவம் கூடும். அதை அணைக்கிற எஸ்ஓடி நொதியின் ஒரு வகைக்குத் தாமிரமும் துத்தநாகமும் வேண்டும், இன்னொரு வகைக்கு இரும்பு போதும். தாமிரம் குறைந்தால் எஸ்பிஎல்7 என்கிற புரதம் மைக்ரோஆர்என்ஏ 398 என்கிற சின்ன ஆர்என்ஏவைக் கூட்டிவிடுகிறது. அது தாமிர எஸ்ஓடியின் தூது ஆர்என்ஏவை வெட்டிப்போடுகிறது. அந்த வேலையை இரும்பு எஸ்ஓடி எடுத்துக்கொள்ள, மிஞ்சிய தாமிரம் ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான பிளாஸ்டோசயனினுக்குப் போகிறது. ஆனால் ஆக்சிஜன் நெருக்கடி வரும்போது அதே 398 குறைந்து தாமிர எஸ்ஓடி கூடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் செடி என்ன செய்யும்? நம் வயலில் எப்போதும் இரண்டும் சேர்ந்துதானே வருகின்றன. நாற்றுக்குத் தட்டில் ஒற்றை ஸ்ட்ரெஸ் கொடுத்து அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

வெண்கண்டலின் தாமிர-துத்தநாக எஸ்ஓடி மரபணுவை சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பூசா பாஸ்மதி-1 நெல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள்; உப்பையும் வறட்சியையும் அந்த நெல் கூடுதலாகத் தாங்கியது என்று 2008ல் வெளியிட்டார்கள். பட்டியலோடு நிற்காத வேலை என்று நான் மதிப்பது இந்த மாதிரியானதைத்தான்.

விருத்தகிரி (விருத்தாசலம்) எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். பட்டியல் போடுவதை இவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். நான் மல்லாட்டையில் வேலை செய்கிறவன். மல்லாட்டைக்கு இரண்டு காட்டு மூதாதைகளிடமிருந்து வந்த இரண்டு முழுத் தொகுதிகள், அதாவது எந்த மரபணுவும் கிட்டத்தட்ட இரட்டையாக இருக்கும். 2019ல் அதன் மரபணுத்தொகுதி வெளிவரும்வரை எங்களுக்கு ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் என்றே சரியாகத் தெரியாது. ஒன்றை நீக்கினால் அதன் இரட்டை வந்து வேலையை மூடிமறைத்துவிடும். எது எதற்கு இரட்டை என்று தெரியாமல் நீங்கள் கேட்கிற பரிசோதனையை எப்படிச் செய்வது?

இன்னொன்று, எண்ணிக்கையே சில இடத்தில் முழுக் கதையையும் சொல்கிறது. அராபிடாப்சிஸ் ஹல்லெரி என்று ஐரோப்பாவில் ஒரு செடி, துத்தநாகச் சுரங்கக் கழிவு மண்ணில் சுகமாக வளர்ந்து இலையில் ஜிங்க்கைக் குவித்து வைக்கும். அதற்கும் சாதாரண அராபிடாப்சிஸுக்கும் இருக்கிற முக்கிய வித்தியாசம் எச்எம்ஏ4, அதாவது வேரிலிருந்து ஜிங்க்கை மேலே ஏற்றும் மரபணு. சாதாரணச் செடியில் ஒரு பிரதி, ஹல்லெரியில் வரிசையாக மூன்று பிரதி, அதோடு மரபணுவின் முன்பகுதியும் மாறியிருப்பதால் ஒவ்வொன்றும் வேகமாக ஓடுகிறது. 2008ல் வந்த அந்த ஆய்வைப் படித்தவர்கள் மரபணுக் கணக்கெடுப்பைக் குறைத்துப் பேசமாட்டார்கள்.

புதுச்சேரி பக்கம் பிரெஞ்சு படித்தவர்கள் நிறைய பேர் இருப்பதால் ஒரு சின்னச் செய்தி: நியூ கலிடோனியாவில் ஒரு மரம் இருக்கிறது, பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வரும், காய்ந்த பாலில் கால்வாசி நிக்கல். 1976ல் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியும் நியூசிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து எழுதினார்கள்.

வேர்முடி எழுதியது:

விருத்தகிரி ஐயா, பட்டியல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஹல்லெரி ஆய்வில் அவர்கள் எண்ணியதோடு நிற்கவில்லை, எச்எம்ஏ4ஐ ஆர்என்ஏ முறையில் அடக்கிப் பார்த்தார்கள், குவிப்பது நின்றது. அந்த இரண்டாம் பாதி இல்லாத கட்டுரைகளைப் பற்றித்தான் கேட்கிறேன்.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

நடுவில் குறுக்கிடுகிறேன். ஜப்பானில் காட்மியம் ஏறாத நெல் வந்துவிட்டது என்று படித்தேன். அப்படி ஒரு நெல் இருந்தால் தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்தில் பயிர் செய்கிற நம் ஊர்க்காரர்களுக்கும் கொடுக்கலாமே, ஏன் யாரும் பேசுவதில்லை? அது மரபணு மாற்றப் பயிரா?

வேர்முடி எழுதியது:

இந்தக் கேள்வியை விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் முதலில் சொன்னது முழுக்க இதில் இருக்கிறது.

ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவிலிருந்து காட்மியம் வயலுக்கு வந்து, அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் 'இட்டாய்-இட்டாய்' நோய் வந்தது. 1968ல் அரசே காரணத்தை ஒப்புக்கொண்டது. அதனால் அவர்களுக்கு இதில் நீண்ட அக்கறை. 2012ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே மரபணுவுக்கு வந்து சேர்ந்தன: என்ராம்ப்5. நெல் வேர் மாங்கனீசை எடுப்பது இதன் வழியாகத்தான், அதே வாசலில் காட்மியமும் நுழைந்துவிடுகிறது. கார்பன் அயனிக் கற்றையால் கோஷிஹிகாரி என்கிற ஜப்பானிய நெல் ரகத்தின் விதையைத் தாக்கி, என்ராம்ப்5 கெட்டுப்போன செடிகளைத் தேடி எடுத்தார்கள். அரிசியில் காட்மியம் கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவுக்கு இறங்கியது. வெளியிலிருந்து மரபணு எதுவும் சேர்க்கவில்லை. அதை வைத்துக் கலப்பு செய்த ரகத்துக்கு அகிதா மாகாணம் 2025லிருந்து விதையை மாற்றத் தொடங்கியிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் காட்மியத்தோடு மாங்கனீசும் குறைகிறது. தண்ணீர் தேங்கிய வயலில் மாங்கனீசு நிறையக் கரைந்து கிடக்கும், அதனால் பயிர் சமாளித்துக்கொள்ளும். மாங்கனீசு குறைந்த மண்ணில் செம்புள்ளி நோய் எளிதாகத் தாக்குகிறது. விஷத்தைத் தடுக்கப் போய்ச் சத்தையும் தடுத்துவிடுகிறோம்.

இப்போது எதிர்ப்பக்கம். நம் கேரளத்து பொக்காளி நெல்லில் இதே என்ராம்ப்5 இரண்டு பிரதியாக அடுத்தடுத்து இருக்கிறது, அதனால் கூடுதலாக ஓடுகிறது. சாதாரணமாக யோசித்தால் காட்மியம் கூட வேண்டும். 2022ல் வெளிவந்த ஆய்வில் குறைந்திருக்கிறது! வேருக்குள் மாங்கனீசு நிறைய வருகிறது, அது காட்மியத்தோடு போட்டி போட்டு, சைலத்தில் ஏறி மேலே போகவிடாமல் தடுக்கிறது. ஒரே மரபணுவை முற்றாக நிறுத்தினாலும் தானியத்தில் காட்மியம் குறைகிறது, இரட்டிப்பாக்கினாலும் குறைகிறது. எந்த வம்சாவளி மரத்திலும், எந்த முன்பகுதிக் குறி எண்ணிக்கையிலும் இது தெரியாது.

மூன்றாவது வழியும் உண்டு. எச்எம்ஏ3 காட்மியத்தை வேர் செல்லின் வேக்குவோலுக்குள், அதாவது செல்லுக்குள் இருக்கும் பெரிய பைக்குள், தள்ளிப் பூட்டி வைக்கிறது. 'அஞ்சனா தான்' என்கிற நெல் ரகத்தில் இந்த எச்எம்ஏ3 வேலை செய்யாததால்தான் காட்மியம் மேலே ஏறுகிறது என்று 2010ல் கண்டார்கள். வேலை செய்கிற எச்எம்ஏ3 இருக்கிற ரகத்தைத் தேர்ந்து கலப்பு செய்தால் மாங்கனீசை இழக்கத் தேவையில்லை. நம் பக்கம் ஓடுகிற ரகங்களில் எதில் எந்த வடிவம் இருக்கிறது என்று பார்ப்பதை நான் முதல் வேலையாக வைப்பேன்.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

நன்றி தம்பி. அப்படியென்றால் தண்ணீர்ப் பாய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டுமே? எங்களைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடச் சொல்கிறார்கள்.

சுரபுன்னை எழுதியது:

ரொம்பச் சரியான கேள்வி. தண்ணீர் நின்றால் மண்ணில் காட்மியம் சல்பைடாகக் கட்டிக்கொள்ளும், வேருக்கு வராது; ஆனால் ஆர்சனிக் கரைந்து ஆர்சனைட்டாக வெளியே வரும், அது நெல் சிலிக்கா எடுக்கிற எல்எஸ்ஐ1, எல்எஸ்ஐ2 வழியாகவே உள்ளே போய்விடும். காயவிட்டால் ஆர்சனிக் குறையும், காட்மியம் கூடும். அதனால் எந்த உலோகம் உங்கள் மண்ணில் பிரச்சினை என்று தெரியாமல் ஒரே அறிவுரை கொடுக்க முடியாது. இரண்டும் இல்லாத மண்ணில் காய்ச்சலும் பாய்ச்சலும் தாராளமாகச் செய்யலாம், தண்ணீர் மிச்சம். சந்தேகம் இருக்கிற இடத்தில் மண்ணையும் அரிசியையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். தீட்டிய அரிசியில் காட்மியத்துக்கு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், கனிம ஆர்சனிக்குக்கு 0.2 என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு. குருமாம்பேட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, எங்கே கொடுக்கலாம் என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

விருத்தகிரி எழுதியது:

பொக்காளி விஷயம் எனக்கும் பிடித்த ஆய்வு. ஆனால் தம்பி, அங்கேயும் பிரதி எண்ணிக்கையைக் கவனித்தவர்களால்தான் அது வெளியே வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கட்டுரைகள் எங்கே தடுக்கி விழுகின்றன என்பதை மெட்டலோதயோனினில் பார்க்கலாம். சிஸ்டீன் நிறைந்த சின்னப் புரதம், 1957ல் குதிரைச் சிறுநீரகத்தில் கண்டார்கள், அங்கே காட்மியத்தோடு ஒட்டியிருந்தது, உலோகமும் கந்தகமும் நிறைய இருந்ததால் பெயர் வந்தது. செடியில் காட்மியத்தை முதன்மையாகக் கட்டுவது ஃபைட்டோகெலாட்டின்; அது மரபணுவிலிருந்து நேரே வரும் புரதம் இல்லை, குளுட்டாதயோனை நொதி ஒன்று கோத்துத் தருகிறது, 1985ல் தெரிந்தது. செடியின் மெட்டலோதயோனின்கள் பெரும்பாலும் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் முதிர்ந்த இலையிலிருந்து விதைக்கு மாற்றுகிற வேலையில் இருக்கின்றன. அவை உப்பிலும் கூடும், காயம் பட்டாலும் கூடும், இலை பழுக்கும்போதும் கூடும். காட்மியம் கொடுத்தபோது கூடியது என்பதை வைத்து 'காட்மிய எதிர்ப்பு மரபணு' என்று எழுதினால் நான் ஏற்கமாட்டேன். இந்த இடத்தில் தம்பியோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, மல்லாட்டையில் வேலை செய்கிறேன் என்றீர்கள். மேட்டு நிலத்தில் எனக்குக் கொஞ்சம் மல்லாட்டை இருக்கிறது. கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) அடித்தால் தேறுகிறது, கொஞ்ச நாளில் புதுக் கொழுந்து மறுபடி வெளுக்கிறது.

விருத்தகிரி எழுதியது:

இரும்புப் பற்றாக்குறை அது. மண்ணில் சுண்ணாம்பு கலந்திருந்தாலோ போர் தண்ணீரில் பைகார்பனேட் இருந்தாலோ வரும். தெளித்த இரும்பு தெளித்த இலையை விட்டு அவ்வளவாக நகராது, அதனால்தான் புதுக் கொழுந்து திரும்ப வெளுக்கிறது. 1 சதவீதக் கரைசலைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும்.

இன்னொரு வழி இருக்கிறது, நாம் பேசுகிற விஷயத்துக்கும் நேரே வந்து சேர்கிறது. மல்லாட்டை மண்ணை அமிலமாக்கி, இரும்பை வேர் எடுக்கக்கூடிய ஃபெரஸ் வடிவுக்கு மாற்றி, ஐஆர்டி வழியாக எடுக்கிற வகை. சுண்ணாம்பு மண்ணில் அந்த வழி அடைபடுகிறது. மக்காச்சோளம் மாதிரி புல் இனங்கள் வேறு வகை. மியூஜினிக் அமில வகைப் பொருளை வேரிலிருந்து விட்டு, இரும்பைப் பிடித்து, ஒய்எஸ் குடும்பப் புரதத்தால் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். சீனாவில் மக்காச்சோளத்தோடு ஊடுபயிராகப் போட்ட மல்லாட்டை வெளுக்கவில்லை என்று முதலில் வயலில் பார்த்தார்கள். ஏன் என்று தேடியபோது, மல்லாட்டை வேரின் மேல்தோலில் ஒய்எஸ்எல்1 என்கிற உறுப்பினர் இருந்தது. 2013ல் அதை ஈஸ்டில் வைத்துச் சோதித்தார்கள். மக்காச்சோளம் விட்ட இரும்புச் சேர்மத்தை அது உள்ளே எடுக்கிறது. புல்லுக்கு மட்டும் உரியது என்று நினைத்த வழியில் மல்லாட்டையும் பங்கு கேட்கிறது.

உங்கள் நிலத்தில் ஒரு ஓரமாக மல்லாட்டை வரிசைகளுக்கு நடுவே மக்காச்சோளம் ஊன்றிப் பாருங்கள். இரண்டின் வேரும் கலக்கிற அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், தள்ளிப் போட்டால் பயனில்லை. நிழல் அதிகமானால் காய் பிடிப்பது குறையும், அதனால் மக்காச்சோளத்தை அடர்த்தியாக விடாதீர்கள்.

கெடிலக்கரை எழுதியது:

மக்காச்சோளத்துக்குப் பதில் கம்பு போடலாமா ஐயா? இங்கே விதை சுலபமாகக் கிடைக்கும்.

விருத்தகிரி எழுதியது:

கம்பும் புல் இனம்தான், அதே வகையில்தான் இரும்பு எடுக்கும். ஒரு பாத்தியில் கம்பு, ஒரு பாத்தியில் மக்காச்சோளம், ஒரு பாத்தி தனி மல்லாட்டை என்று விடுங்கள். மூன்றிலும் முப்பதாம் நாள் கொழுந்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், வேர்முடி தம்பியிடம் சொல்லி மூன்று பாத்தி வேரிலும் ஒய்எஸ்எல்1 எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கச் சொல்வோம்.

வேர்முடி எழுதியது:

வேர் மாதிரி எடுக்க நானே வருகிறேன் அண்ணே. விதைக்கும்போது மட்டும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் போர் தண்ணீரையும் மண்ணையும் ஒரு முறை பரிசோதித்து வைத்துவிடுங்கள், பைகார்பனேட் எவ்வளவு என்று தெரியாமல் மூன்று பாத்தியையும் ஒப்பிட முடியாது.